முயல் படம் போட்ட போத்தலா, சங்கத்துச் சவர்க்காரமா?

விலங்குகளில் சோதிக்காத சவர்க்காரம், ஷாம்பூ பற்றி இந்த இரண்டு மாதத்துக்குள் ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் மல்லாவியிலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போன மாணவி. அழகுசாதனச் சோதனைக்காக முயலின் கண்ணில் எதையோ சொட்டுவிடும் காணொளி ஒன்றை விடுதியில் எல்லோருமாகப் பார்த்திருக்கிறார்கள். அன்றிரவே அறைத்தோழி ஒருத்தி தன் ஷாம்பூப் போத்தலைக் குப்பைக்குள் போட்டுவிட்டாளாம். "இனி எதை வாங்கலாம், ரீச்சர்?" என்று கேட்கிறார். இரண்டாமவர் விசுவமடுவில் இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள் கிணற்றடியில் இருந்த சவர்க்காரத்தைத் தூக்கிப் பார்த்து, "இதையெல்லாமா இன்னும் பாவிக்கிறீர்கள்?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சொல் இவருக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாமவர் ஒட்டுசுட்டான் பக்கத்தில் வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம் செய்து விற்கும் மாதர் சங்கமொன்றின் பொருளாளர். விலங்குகளில் சோதிக்கவில்லை என்று காட்டும் முயல் படம் ஒன்றை உறையில் போட்டால் கொழும்பில் நல்ல விலைக்குப் போகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். போடலாமா என்பது அவருடைய கேள்வி.

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள். அழகுசாதனப் பொருட்களில் எனக்குள்ள ஆர்வம் ஒரு சவர்க்காரக் கட்டியோடும் ஒரு போத்தல் நல்லெண்ணெயோடும் முடிந்துவிடும். ஆனால் உறையின் பின்பக்கத்தை வாசிக்காமல் எதையும் கூடைக்குள் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

## முதலில், அந்த முயலின் கதை

1930களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அதைப் பூசிய பெண்களில் சிலருக்குக் கண் புண்ணாகிப் பார்வையே போனது. அந்தச் சாயத்தில் இருந்தது பரா ஃபீனைலீன்டையமின். இன்று நம்மூர்ப் பெட்டிக்கடைகளில் தொங்கும் கறுப்புத் தலைச்சாயப் பைக்கற்றுகள் பலவற்றிலும் அதே பொருள்தான் இருக்கிறது. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு 1938இல் அங்கே அழகுசாதனப் பொருட்களும் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்தன. 1944இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் வேலைசெய்த ஜோன் டிரெய்ஸ் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். முயலின் கண்ணிலும் மயிர் மழித்த தோலிலும் பொருளை வைத்துவிட்டு, சிவப்பையும் வீக்கத்தையும் புண்ணையும் நாட்கணக்கில் பார்த்துப் புள்ளி போடும் முறை அது. முயல் சாதுவானது, வளர்க்கச் செலவில்லை, வெள்ளை முயலின் கண்ணில் சிவப்பு பளிச்சென்று தெரியும். கண்ணீரும் அதற்குக் குறைவு, விட்ட பொருளைக் கழுவி வெளியேற்ற அதனால் இயலாது. இதற்கும் முன்னரே, 1927இல், கொடுத்த விலங்குகளில் பாதி சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனையும் வந்துவிட்டது. அதன் பழைய வடிவத்தை சர்வதேச வழிகாட்டியிலிருந்து 2002இல்தான் நீக்கினார்கள்.

எதிர்ப்பு பெரிதாக வெளியே வந்தது 1980இல். ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, அழகுக்காக எத்தனை முயல்களின் கண்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லொன் நிறுவனத்தைக் கேட்டார். பிரித்தானியா 1998இல் இந்தச் சோதனைகளை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் முடிந்த பொருட்களில் சோதிப்பதையும், 2009இல் மூலப்பொருட்களில் சோதிப்பதையும் தடைசெய்தது. அப்படிச் சோதித்தவற்றை விற்பதையே 2013 மார்ச்சில் முழுதாகத் தடுத்தது. இந்தியாவில் 2014இலும் கனடாவில் 2023இலும் தடை வந்தது. நம் நாட்டிலோ விலங்குகளைக் காக்க இன்னும் கையில் இருப்பது 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். வண்டில் மாட்டுக்கு அடிப்பவரை நினைத்து எழுதியது அது. கடைத்தட்டில் இருக்கும் ஷாம்பூவை அது ஒன்றும் கேட்காது.

இந்தக் கதையில் வாங்குபவருக்கு வேண்டியது ஒன்றுதான். சோதனை பெரும்பாலும் புதிய பொருளைத் தேடித்தான் போகிறது. தேங்காயெண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் என்ன வரும் என்பதை இன்னொரு முயலில் பார்க்க யாருக்கும் தேவையில்லை. புதிதாகக் கண்டுபிடித்த நிறமூட்டி, வெயில்வடிகட்டி, சுருக்கம் போக்கும் மூலக்கூறு ஆகியவற்றுக்குத்தான் ‘பாதுகாப்பானது’ என்ற சான்று வேண்டும். இப்போது அவற்றுக்கும் வேறு வழிகள் இருக்கின்றன. மனிதத் தோல் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துச் செய்யும் சோதனையும், இறைச்சிக்காக வெட்டிய மாட்டின் விழிவெண்படலத்தில் செய்யும் சோதனையும் சர்வதேச அங்கீகாரம் பெற்றவை. இருந்தும் எல்லா நாடுகளும் எல்லாத் தேவைக்கும் அவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. சீனா இறக்குமதிச் சாதாரண அழகுசாதனங்களுக்குக் கட்டாய விலங்குச் சோதனையைத் தளர்த்தியதே 2021 மே மாதத்தில்தான், அதுவும் நிபந்தனைகளோடு. தலைச்சாயம், வெயில்காப்பு, தோலை வெளுப்பாக்குபவை போன்றவற்றுக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், சொல்வது யார், அதைச் சரிபார்த்தது யார் என்பது. உறையில் ‘விலங்குகளில் சோதிக்கப்படவில்லை’ என்று யாரும் அச்சடிக்கலாம். அமெரிக்காவிலேயே அந்த வார்த்தைக்குச் சட்ட வரைவிலக்கணம் கிடையாது.

இரண்டாவது, எந்தப் படி வரைக்கும் என்பது. ‘எமது முடிந்த பொருளை விலங்குகளில் சோதிப்பதில்லை’ என்ற வாக்கியத்தில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூலப்பொருளை விற்றவர் சோதித்திருப்பார். அல்லது நிறுவனம் தான் செய்யாமல் வெளியாருக்குக் காசு கொடுத்துச் செய்வித்திருக்கும். ‘சட்டம் கேட்டால் தவிர’ என்ற சிறிய வாலும் சில உறைகளில் இருக்கும். அந்த வாலைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதை நம் வீடுகளில் அடிக்கடி முதல் இரண்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். சோதனை வேறு, சேர்மானம் வேறு. எந்த முயலையும் தொடாத சவர்க்காரத்தில் மாட்டுக்கொழுப்பு இருக்கலாம். பெயர்ப்பட்டியில் ‘சோடியம் டலோவேட்’ என்று இருந்தால் அது மாடு, ஆடு போன்றவற்றின் கொழுப்பிலிருந்து வந்தது. ‘சோடியம் பாமேட்’ என்றால் பாம் எண்ணெய், ‘சோடியம் கொகோவேட்’ என்றால் தேங்காயெண்ணெய். உதட்டுச்சாயத்தின் சிவப்பு ‘கார்மைன்’ என்றால் அது கொச்சினீல் என்ற பூச்சியை அரைத்து எடுத்தது. ‘லனோலின்’ ஆட்டு மயிரின் மெழுகு. வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீட்டுக் கிணற்றடியில் டலோவேட் கட்டி இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டில் தேத்தண்ணீர் கிடைக்காது.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். நம் தோலுக்கு அது பாதுகாப்பா என்பது ஒன்று. மற்றது வன்னிக்கே உரிய கணக்கு: பொருள் எங்கே கிடைக்கும், வந்து சேர என்ன செலவு, நம் தண்ணீரில் அது நுரைக்குமா?

## வழி ஒன்று: முத்திரை பெற்றதை இணையத்தில் வாங்குவது

முத்திரைகளில் இறுக்கமானது 1996இல் வட அமெரிக்க விலங்குநல அமைப்புகள் எட்டுச் சேர்ந்து தொடங்கியது. அதன் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் ‘லீப்பிங் பன்னி’ என்று வந்து வேறொரு விலங்கில் முடிகிறது. ஆகவே நான் ‘துள்ளும் முயல்’ என்றே எழுதுகிறேன். இதைப் பெறும் நிறுவனம் ஒரு தேதியை நிர்ணயித்து, அதன் பின்னர் தானும் சோதிக்கவில்லை, தனக்கு மூலப்பொருள் தருபவர்களும் சோதிக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், வெளியார் கணக்காய்வுக்கும் இணங்க வேண்டும். முதல் இரண்டு அளவுகோல்களிலும் இதற்கு மேல் எதுவும் இல்லை.

அடுத்தது விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் பட்டியல். பெயரைக் கேட்டவுடன் சிலருக்கு முகம் சுளிக்கும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு திரண்டபோது எழுந்த கோபம் இங்கேயும் ஆறவில்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோபத்தை விளங்கப்படுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலை அந்தக் கோபத்தால் அளக்கக் கூடாது. அளக்க வேண்டியது அதன் முறையை: நிறுவனம் கேள்விக்கொத்துக்குப் பதில் எழுதி, உறுதிமொழியில் கையெழுத்திடுகிறது. தொழிற்சாலைக்குப் போய்க் கணக்காய்வு செய்வதை அந்த முறை கட்டாயமாக்கவில்லை. ஆகவே அது துள்ளும் முயலைவிட ஒரு படி கீழே, வெறும் விளம்பர வாக்கியத்தைவிட ஒரு படி மேலே.

மறைந்த செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். கூரியர் கட்டணம் சில நேரம் பொருளின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். துணுக்காய்க்கும் நெடுங்கேணிக்கும் உள்ளே போகும் வீடுகளுக்கு பார்சல் வீட்டு வாசலுக்கு வராது, ரவுனுக்குப் போய் எடுக்க வேண்டும், அது ஒரு பஸ் செலவு, ஒரு அரைநாள். ஒருமுறை நான் வரவழைத்த முகக்கழுவியில் காலாவதிக்கு ஏழு கிழமைதான் மிச்சமிருந்தது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. முத்திரை உண்மை என்றாலும் போத்தல் போலியாக இருக்க வாய்ப்புண்டு. தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் திருப்பியனுப்பவும் வழியில்லை.

தாய் நிறுவனம் பற்றியும் யோசிப்பவர்கள் உண்டு. விலங்குச் சோதனைக்கு எதிராக முதன்முதலில் குரல் கொடுத்த கடைகளில் ஒன்றான ‘த பொடி ஷொப்’பை 2006இல் லோரியால் வாங்கியபோது பழைய வாடிக்கையாளர்கள் பலர் விலகிப்போனார்கள். பின்னர் அது மீண்டும் கைமாறியது. இதில் எனக்கு உறுதியான பக்கம் கிடையாது. நல்ல பிள்ளைக்குக் கொடுத்த காசு கெட்ட தகப்பனிடம் போகுமே என்று கேட்பவருக்கும் நியாயம் இருக்கிறது. நல்லது விற்கிறது என்று தகப்பனுக்கும் தெரியட்டும் என்பவருக்கும் இருக்கிறது.

இந்த வழி எப்போது பொருந்தும்? வெயில்காப்பு, தலைச்சாயம், ஒப்பனைப் பொருள் வாங்கும்போது. புதிய இரசாயனம் நிறைந்த பொருட்கள் இவைதான், முத்திரைக்கு உண்மையான வேலை இருப்பதும் இங்கேதான். வெறும் சவர்க்காரக் கட்டிக்குக் கூரியர் கட்டணம் கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

## வழி இரண்டு: சுப்பர் மார்க்கெட்டின் பெரிய பெயர்கள்

கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் தட்டு நிறைய இருக்கின்றன, பஸ்ஸால் இறங்கியவுடன் வாங்கலாம். இவற்றில் சில முத்திரை பெற்றவை என்பது பலருக்குத் தெரியாது. டவ் 2018இல் பீட்டாவின் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக அதே யூனிலீவர் நிறுவனத்தின் எல்லாப் பெயர்களுக்கும் அந்த முத்திரை இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு போத்தலாகத்தான் பார்க்க வேண்டும்.

சேர்மானத்தில் கவனம் தேவை. ஒரே பெயரில் ஒரு நாட்டில் தாவர எண்ணெயிலும் இன்னொரு நாட்டில் கொழுப்பிலும் சவர்க்காரம் செய்வதுண்டு. சிறிய பைக்கற்று ஷாம்பூ மலிவுதான். ஆனால் குளக்கட்டில் குளித்துவிட்டு அந்தப் பைக்கற்றை எங்கே எறிகிறோம் என்பதையும் விலங்கின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மாதச் சம்பளம் மாதத்தின் இருபதாம் தேதியே முடியும் வீட்டுக்கு இதுதான் நடைமுறை வழி.

## வழி மூன்று: நாட்டு மூலிகைப் பெயர்கள், இந்தியப் பெயர்கள்

கொஹொம்பச் சவர்க்காரம், சித்தாலேப, சுதந்த பற்பசை போன்றவை சங்கக்கடையிலும் கிடைக்கும். சேர்மானங்கள் பெரும்பாலும் நாலு தலைமுறை பாவித்துப் பழகியவை. ஆனால் ‘மூலிகை’ என்ற சொல்லை ‘சோதனை இல்லை’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. ஒரு மூலிகைச் சாற்றுக்கு இன்ன குணம் உண்டு என்று நிரூபிக்க எலியிலும் சுண்டெலியிலும் செய்த ஆய்வுகள் உலகெங்கும் குவிந்து கிடக்கின்றன.

இங்கே ஒரு வேலை செய்யலாம், கூரியர் கட்டணத்தைவிட மலிவு. உறையில் நிறுவனத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: முடிந்த பொருளை விலங்கில் சோதிக்கிறீர்களா? மூலப்பொருள் தருபவர்களிடம் அதைப் பற்றி எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறீர்களா? விலங்குக் கொழுப்பு சேர்க்கிறீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அதுவே பாதி முத்திரை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வராவிட்டால் அதிலிருந்தும் ஒன்று விளங்கும்.

இந்தியாவிலிருந்து வருபவற்றுக்கு 2014ஆம் ஆண்டின் தடை ஒரு துணை. அழகுசாதனங்களை அங்கே விலங்குகளில் சோதிக்கவும் முடியாது, அப்படிச் சோதித்தவற்றை அங்கே இறக்குமதி செய்யவும் முடியாது. மருந்து என்ற உரிமத்தோடு வரும் சவர்க்காரமும் களிம்பும் அந்தத் தடைக்குள் வருவதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

## வழி நான்கு: சொந்தக்காரரின் பெட்டியில் வருவது

வன்னியில் பல வீடுகளின் அலுமாரியில் பாரிஸிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. கடைசித் தேதி போனாலும் எறிய மனம் வராது. சட்டத்தின் கண்ணால் பார்த்தால் இவை நல்ல நிலையில் இருக்கின்றன. ஐரோப்பாவில் வாங்கியது என்றால் முத்திரை இல்லாவிட்டாலும் 2013ஆம் ஆண்டின் விற்பனைத் தடை பின்னால் நிற்கிறது.

அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. இரசாயனப் பொருட்களைப் பற்றிய ஐரோப்பாவின் வேறொரு சட்டம், தொழிற்சாலையில் அதைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்புக்காக விலங்குச் சோதனையைக் கேட்கலாம். வெயில்காப்புக் கிரீமில் சேரும் ஹோமோசலேற் என்ற பொருளுக்கு இப்படிக் கேட்டார்கள். தயாரித்த நிறுவனம் நீதிமன்றம் போனது. 2023 நவம்பரில் தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக வந்தது. அந்தத் தீர்ப்புக்கு முன்னரே பன்னிரண்டு இலட்சம் ஐரோப்பியர் இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

காசு இல்லை என்பதால் செலவு இல்லை என்று நினைக்க வேண்டாம். பனிநாட்டுக்குச் செய்த தடித்த கிரீமைச் சித்திரை வெயிலில் பூசினால் முகம் எண்ணெய்ச் சட்டியாகிவிடும். பழகிய போத்தல் முடிந்தால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும், அல்லது கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு விலை இருக்கிறது, விசுவமடுத் தாய்க்கு அது நன்றாகவே தெரியும். ஆகவே அவருக்கு நான் எழுதியது இது: மச்சாள் அடுத்த முறை வரும்போது பிள்ளைகளுக்கு வெயில்காப்பு மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே நல்லது கிடைக்க அரிது, அங்கே எளிது. சவர்க்காரம் கொண்டுவர வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

## வழி ஐந்து: ஊரில் செய்வது, வீட்டில் அரைப்பது

இதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு கட்டிச் சவர்க்காரத்தை நூலால் அறுத்து நாலு வீடு பங்கிட்டோம். அதுவும் இல்லாத நாளில் அம்மம்மா பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் வெள்ளைச் சட்டை தோய்த்தார். நுரைத்தது, அழுக்கும் போனது. மாட்டுக்கு அந்த வாசம் பிடித்துவிட்டால் கொடியில் காயும் சட்டை மிஞ்சாது, அது தனிக்கதை. பனம்பழக் களியில் இருக்கும் ஃபிளாபெலிஃபெரின் என்ற கசப்புப் பொருள் சப்போனின் வகையைச் சேர்ந்தது, நீரில் நுரைப்பது அதனால்தான் என்று பிறகு படித்தேன். இலுப்பைப் பிண்ணாக்கிலும் சீயாக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் வேலைசெய்வது இதே சப்போனின் குடும்பம். செவ்வரத்தை இலையைக் கசக்கினால் வரும் வழுவழுப்பு வேறு வகை. அது கழுவுவதைவிட மயிரை மென்மையாக்கும்.

முதல் மூன்று அளவுகோல்களிலும் இதற்கு முழுப் புள்ளி. முயலில் யாரும் சோதிக்கவில்லை, விலங்குக் கொழுப்பு இல்லை, செய்தவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். உண்மையில் சோதனை நடந்தது எங்களில்தான். சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுக வார்க்கும்போது சீயாக்காய் கண்ணுக்குள் போய் நாங்கள் கத்திய கத்தல் குளக்கட்டு வரை கேட்கும். எங்களுக்கு முயலைவிடக் கண்ணீர் அதிகம், அதனால் தப்பினோம்.

இந்த வழியை விரும்புவதால்தான் இதன் குறைகளை மறைக்க விருப்பமில்லை. இலுப்பைப் பிண்ணாக்குச் சாறு மீனுக்கு நஞ்சு. மீன்வளர்ப்புக் குளங்களில் வேண்டாத மீனைக் கொல்ல அதைக் கலப்பார்கள். முயலைக் காப்பாற்றிவிட்டுக் குளத்து மீனைக் கொல்லாமல் இருக்க, அதைக் கிணற்றடியில், வாழைப்பாத்திப் பக்கமாக நின்று பாவியுங்கள். உமிக்கரியால் பல் தேய்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அது பல்லின் மிளிரியைத் தேய்த்துவிடும், தேய்ந்த மிளிரி திரும்ப வளராது.

சவர்க்காரம் செய்பவர்களுக்கு ஆபத்து கோஸ்டிக் சோடாவில் இருக்கிறது. சோடாவைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவுக்குள் ஊற்றவே கூடாது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் கோஸ்டிக் சோடா நம் மண்ணிலேயே உற்பத்தியானது. போரோடு அது மூடப்பட்டது. இப்போது வெளியிலிருந்து வருவதை வாங்கி, நிறுவைத் தராசு இல்லாமல் கண்ணளவில் கலக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். சோடா கூடினால் தோலை எரிக்கும், எண்ணெய் கூடினால் கட்டி சிக்குப் பிடிக்கும். வார்த்த கட்டியை நாலு முதல் ஆறு கிழமை காயவிட வேண்டும். கண்காட்சி நாளைக்கு என்று அவசரப்பட்டு இரண்டாம் கிழமையே விற்றுவிடக் கூடாது.

கடைசியாகத் தண்ணீர். வன்னியின் பல கிணறுகளில் இருப்பது வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாக வாளியில் ஒட்டும், நுரை வராது, கட்டி வேகமாகக் கரையும். தலைமயிரில் அந்தப் படலம் படிந்தால் வைக்கோல் போலாகும். ஷாம்பூவுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய்களுக்குள் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் உவர் நீரிலும் ஓரளவு நுரைக்கும், அந்தக் காலத்தில் கப்பலோட்டிகள் கடல்நீரில் குளிக்க எடுத்துச்சென்றதும் அதைத்தான். ஆகவே ஊர்ச் சவர்க்காரம் வாங்கும்போது தேங்காயெண்ணெய் எவ்வளவு சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். நுரைக்கவில்லை என்று சங்கத்தைக் குறைசொல்வதற்கு முன்பு கிணற்றையும் ஒருமுறை பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சரிபார்த்தவர் | விலங்குச் சேர்மானம் | கிடைப்பது | மறைந்த செலவு | பொருத்தமானது |
|---|---|---|---|---|---|
| முத்திரை, இணையம் | வெளியார் கணக்காய்வு அல்லது உறுதிமொழி | இருக்கலாம், பெயர்ப்பட்டியைப் பார்க்க வேண்டும் | கூரியரில் | கட்டணம், போலி, காலாவதி | வெயில்காப்பு, தலைச்சாயம், ஒப்பனை |
| பெரிய பெயர்கள் | சிலவற்றுக்கு உறுதிமொழி | சவர்க்காரத்தில் கொழுப்பு இருக்கலாம் | நகரத்தில் எளிது | பைக்கற்றுக் குப்பை | ஷாம்பூ |
| நாட்டு, இந்தியப் பெயர்கள் | நாமே கேட்டறிய வேண்டும் | கேட்டறிய வேண்டும் | சங்கக்கடையிலும் | கடிதம் எழுதும் நேரம் | பற்பசை, சவர்க்காரம் |
| பெட்டியில் வருவது | அந்நாட்டுச் சட்டம் | இருக்கலாம் | விடுமுறைக்கு விடுமுறை | கடமைப்பாடு, வெயிலுக்கு ஒவ்வாமை | பிள்ளைகளுக்கு வெயில்காப்பு |
| ஊர்த் தயாரிப்பு | செய்தவரை நேரில் கேட்கலாம் | பெரும்பாலும் இல்லை | பக்கத்தில் | நேரம், சோடாப் பிழை, வன்னீர் | சவர்க்காரம், தலைமுழுக்கு |

## எந்த வழிக்குள்ளும் அடங்காத ஒன்று

வற்றாப்பளைப் பொங்கல் கடைகளிலும் ரவுன் பஸ் தரிப்பிடத்திலும் விற்கும் வெளுப்பாக்கும் கிரீம்களைப் பற்றி மாணவிகள் யாரும் கேட்பதில்லை, வாங்குகிறார்கள். தயாரித்தவர் பெயரோ முகவரியோ அற்ற டப்பியில் முயல் படம் இருந்தாலும் தொட வேண்டாம். இத்தகைய கிரீம்களில் பாதரசம் சேர்ப்பது உலகெங்கும் பிடிபட்ட மோசடி. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குள் நிறுத்தச் சொன்னது. பின்னர் அந்த ஒரு மில்லிகிராம் வரம்பையும் எடுத்துவிட்டது. கறுப்புத் தலைச்சாயம் பூசுபவர்கள் பூச இரண்டு நாள் முன்பு காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பாருங்கள். முத்திரை இருந்தாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும், ஒவ்வாமை முயலுக்கு வருவது போலவே உங்களுக்கு வரும் என்று சொல்ல முடியாது.

## மூவருக்கும் நான் எழுதிய பதில்

மாணவிக்கு: இருக்கும் போத்தலை எறிய வேண்டாம். அதற்காக நடந்த சோதனை நடந்து முடிந்துவிட்டது, எறிந்தால் ஒரு புதுப் போத்தல் அதிகமாக விற்கும், அவ்வளவுதான். அது முடிந்ததும் விடுதிக்குப் பக்கத்தில் கிடைக்கும் முத்திரை பெற்ற ஷாம்பூ ஒன்று, ஊரிலிருந்து வரும்போது சங்கத்துச் சவர்க்காரம் இரண்டு. பதினான்கு பொருட்களை நாலாகக் குறைத்தால் தேட வேண்டிய முத்திரையும் குறையும். முகத்துக்கு என்ன பூசுவது என்று கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம் என்று எழுதினேன். இருபது வயதில் அதைக் கேட்க யாருக்கும் பிடிக்காது.

விசுவமடுத் தாய்க்கு வெயில்காப்பைப் பற்றி முன்னரே சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் பற்பசையை மட்டும் முயலுக்காக மாற்ற வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். நம் பகுதிக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டு கூடுதல். பிள்ளைக்கு எந்தப் பற்பசை, எவ்வளவு என்பதைப் பாடசாலைப் பல் சிகிச்சையாளரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். என் வீட்டுப் பற்பசையும் இன்னும் பழையதுதான். அனுப்பிய மூன்று கேள்விகளில் இரண்டுக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

பொருளாளர் அக்காவிடம் நேரிலேயே போனேன். துள்ளும் முயல் பதிவுசெய்த சின்னம், விண்ணப்பித்து அனுமதி பெறாமல் போட்டால் வழக்கு வரும். வேறு முயலை நாமே வரைந்து போட்டால் வழக்கு வராமலும் போகலாம், வாங்குபவர் ஏமாறுவது உறுதி. அதற்குப் பதிலாக எண்ணெய் எது, எத்தனை பங்கு, சோடா எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் வார்த்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று எழுதலாம் என்றேன். அவர் உறையின் மாதிரியை எடுத்து வந்தார். முயல் ஏற்கெனவே வரைந்திருந்தது, வரைந்தது அவருடைய மகன், நல்ல கை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அப்படியென்றால் வேப்பங்கொத்து ஒன்று வரையச் சொல்கிறேன். முயலை அவன் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கட்டும்" என்றார்.